வடக்கே தூக்கம் இலவசம், தெற்கே சாப்பாடு மலிவு: ஐரோப்பாவில் கூடாரத்தோடு சிக்கனமாகச் சுற்றும் வழி

ஐரோப்பாவுக்குப் போக எவ்வளவு ஆகும் என்று கேட்டால் விமான டிக்கெட் கணக்கை யாரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். கையைக் கடிப்பது அதற்குப் பிறகு தினமும் வரும் இரண்டு செலவுகள்தான்: இரவு படுக்கும் இடமும் மூன்று வேளைச் சாப்பாடும். இந்த இரண்டையும் அடக்கிவிட்டால் ஒரு வாரம் விடுதியில் தங்கும் பணத்தில் மூன்று நான்கு வாரம் சுற்றலாம்.

அதற்கு முதலில் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து போன்ற வடக்கு நாடுகளில் காட்டில் கூடாரம் போட்டுத் தூங்கச் சட்டமே அனுமதிக்கிறது, காசு கிடையாது. ஆனால் கடையில் காய்கறி விலை கண்ணைக் கட்டும். ஸ்பெயின், போர்ச்சுகல், கிரீஸ் போன்ற தெற்கு நாடுகளில் இதற்கு நேர்மாறு. சாப்பாடு மலிவு, கண்ட இடத்தில் கூடாரம் போட்டால் அபராதம். ஆகவே வடக்கே போகும்போது சாப்பாட்டைப் பையில் சுமந்து போக வேண்டும், தெற்கே போகும்போது முகாம் கட்டணத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும். இதை மனதில் வைத்துத் திட்டம் போட்டாலே பாதிச் செலவு குறைந்துவிடும்.

முதல் படி: விசா, காலம், பாதை

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா வேண்டும். எந்த 180 நாள் கணக்கிலும் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் பகுதிக்குள் இருக்கக் கூடாது. நார்வேயும் சுவிட்சர்லாந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் உண்டு. குரோஷியா 2023 இல் சேர்ந்தது. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியிலிருந்து முழுமையாக உள்ளே வந்துவிட்டன. பிரிட்டனும் அயர்லாந்தும் வெளியே, அவற்றுக்கு விசா தனி. பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் கட்டாயம்.

விசா மனுவோடு எங்கே தங்குகிறீர்கள் என்ற ஆதாரமும் கேட்பார்கள். "காட்டில் தூங்குவேன்" என்று எழுதிக் கொடுக்க முடியாது. கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய முகாம்களில் பதிவு செய்து, அந்த உறுதிக் கடிதங்களைப் பயணத் திட்டத்தோடு வரிசையாக அடுக்கிக் கொடுங்கள். தேதிகளும் ஊர்களும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்க வேண்டும், அதிகாரிகள் அதைத்தான் பார்க்கிறார்கள்.

காலத்தைப் பொறுத்தவரை என் வாக்கு ஜூன் மாதத்தின் முதல் பாதிக்கும் செப்டம்பருக்கும்தான். ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முழுக்க ஐரோப்பியர்களே விடுமுறையில் கிளம்பிவிடுவார்கள். இத்தாலி, குரோஷியக் கடற்கரை முகாம்களில் கட்டணம் உச்சத்தில் இருக்கும், இடமும் கிடைக்காது. ஆகஸ்டில்தான் போக முடியும் என்றால் வடக்கே போங்கள். செப்டம்பர் என்றால் தெற்கே போங்கள். ஜூலையில் வடகோடியில் உள்ள லாப்லாந்துப் பக்கம் கொசுத் தொல்லை அதிகம். ஸ்காட்லாந்தின் மேற்குப் பக்கம் மிட்ஜ் என்ற பொடிக்கொசு கோடை முழுக்கப் படுத்தும். தலையில் மாட்டும் வலை ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

இரண்டாம் படி: மூட்டை கட்டுவது

கூடாரம் இரண்டு பேர் படுக்கும் அளவில், இரண்டு கிலோவுக்குப் பக்கமாக இருந்தால் போதும். உயர்ந்த மலையில் புயலுக்கு நடுவே தங்கப் போவதில்லை என்றால் விலை உயர்ந்தது வேண்டாம். காசைப் போட வேண்டிய இடம் படுக்கை. நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். ஆல்ப்ஸ் மலையில் ஜூலை இரவிலும் வெப்பம் 5 டிகிரிக்கு இறங்கும். ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு மூன்று வெப்ப அளவுகள் அச்சிட்டிருப்பார்கள். அதில் 'கம்ஃபர்ட்' என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். 'லிமிட்' என்ற எண்ணை நம்பி வாங்கினால் இரவெல்லாம் சுருண்டு கிடக்க வேண்டியதுதான். கோடைக்கு கம்ஃபர்ட் 5 டிகிரி உள்ளது சரியாக இருக்கும். அடியில் விரிக்கும் பாயும் அதே அளவு முக்கியம், உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். மடக்கும் ஃபோம் பாய் மலிவு, ஓட்டை விழாது, பையின் வெளியே கட்டிக்கொள்ளலாம்.

அடுப்பு விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கேஸ் குப்பியை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது, அங்கே இறங்கித்தான் வாங்க வேண்டும். ஐரோப்பாவில் இரண்டு வகைக் குப்பிகள் நடமாடுகின்றன. மரை போட்டுத் திருகி மாட்டுவது ஒன்று, இது வடக்கு நாடுகள், ஜெர்மனி, பிரிட்டன் என எங்கும் கிடைக்கும். கேம்பிங்காஸ் நிறுவனத்தின் அழுத்தி மாட்டும் குப்பி இன்னொன்று, இது பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலிக் கிராமக் கடைகளில்கூடக் கிடைக்கும். ஒன்றின் அடுப்பு மற்றதில் பொருந்தாது. திருகும் வகை அடுப்பை வாங்கிக்கொண்டு, தெற்கே போவதாக இருந்தால் கூடவே ஒரு சின்ன அடாப்டர் வைத்துக்கொள்ளுங்கள். டெகத்லான் போன்ற பெரிய விளையாட்டுப் பொருள் கடைகளில் குப்பி கிடைக்கும். வெறும் பியூட்டேன் நிரப்பிய குப்பி குளிரில் வேலை செய்யாது, 0 டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாவதே நின்றுவிடும். மலைக்குப் போகிறவர்கள் புரோப்பேன் கலந்தது என்று பார்த்து வாங்க வேண்டும். ஏற்கெனவே பயன்படுத்திய அடுப்பை விமானத்தில் கொண்டுபோவதானால் கழுவிக் காயவைத்து, எரிபொருள் வாசனை இல்லாமல் செக்-இன் பையில் வையுங்கள்.

பாத்திரம்: மூடியோடு ஒன்றரை லிட்டர் சட்டி ஒன்று, ஆளுக்கொரு டம்ளர், ஸ்பூன், சின்னக் கத்தி. கத்தியும் கூடார ஆணிகளும் செக்-இன் பையில்தான் போக வேண்டும்.

அப்புறம் வீட்டிலிருந்து கொண்டுபோகும் உணவு. இறைச்சி, பால் இரண்டிலிருந்தும் செய்த எதையும் வெளியிலிருந்து பயணப் பையில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. நெய், பால்கோவா, பால் பவுடர் எல்லாம் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், மாங்காய் போன்றவற்றுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும் என்பதால் அவற்றையும் விட்டுவிடுங்கள். உலர்ந்த பொடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ரசப்பொடி, பருப்புப்பொடி, மிளகு சீரகப்பொடி, பெருங்காயம், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்து அரைக் கிலோ வந்தாலே ஒரு மாதத்துக்குக் காணும். ஒரு கிலோ அவல் எடுத்துப் போகச் சொல்வேன். அடுப்பில்லாமல் ஊறவைத்தே சாப்பிட உலகத்தில் இதைவிட நல்ல பொருள் இல்லை.

மூன்றாம் படி: எங்கே படுப்பது

*வடக்கு.* நார்வேயில் 1957 ஆம் ஆண்டின் வெளிப்புறப் பொழுதுபோக்குச் சட்டம் எல்லாருக்கும் இந்த உரிமையைத் தருகிறது, வெளிநாட்டவருக்கும் சேர்த்துத்தான். விளைநிலம் அல்லாத திறந்தவெளியில் கூடாரம் போடலாம். ஆள் இருக்கும் வீட்டிலிருந்தோ மரக்குடிலிலிருந்தோ குறைந்தது 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் என்றால் நிலச் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் தீ மூட்டத் தடை. லோஃபோட்டன் தீவுகளில் கூட்டம் அதிகமாகிவிட்டதால் பல இடங்களில் உள்ளூர்த் தடைப் பலகைகள் இருக்கின்றன. பலகையைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள்.

தலைநகர் ஆஸ்லோவிலேயே இதை அனுபவிக்கலாம். நகருக்கு வடக்கே நோர்ட்மார்க்கா என்ற பெரிய காடு இருக்கிறது. மெட்ரோவில் கடைசி நிறுத்தம் வரை போய் இறங்கி, ஒரு மணி நேரம் உள்ளே நடந்தால் ஏரிக்கரையில் கூடாரம் போடலாம். விடுதி அறைக்குக் கொட்டிக்கொடுக்கும் ஊரில் இது பெரிய விஷயம். நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் பக்கம் மட்டும் போகாதீர்கள், அங்கே கட்டுப்பாடு உண்டு.

ஸ்வீடனிலும் இதே உரிமை இருக்கிறது. வீடுகளுக்குப் பக்கத்தில் இல்லாமல் ஓரிரு இரவு என்பதுதான் அங்கே வழக்கம். தேசியப் பூங்காக்களுக்குத் தனி விதிகள் உண்டு. பின்லாந்தில் கூடாரத்துக்குத் தடையில்லை, தீ மூட்டத்தான் நிலக்காரர் அனுமதி வேண்டும். ஆனால் அங்கே காடுகளில் மூன்று பக்கம் அடைத்த மரக்குடில்கள் இருக்கின்றன. பொதுப் பராமரிப்பில் உள்ள பல குடில்களில் அடுப்பு மேடையும் வெட்டி அடுக்கிய விறகும்கூட இலவசம். எஸ்டோனியாவில் அரசு வன நிறுவனமான ஆர்எம்கே காசில்லா முகாம்களை நாடு முழுக்க நடத்துகிறது. பேருந்தில் போய்ச் சேரக்கூடிய இடங்களும் அதில் உண்டு. டென்மார்க்கில் பொது உரிமை இல்லை, ஆனாலும் பல காடுகளில் ஓர் இரவு சின்னக் கூடாரம் போட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இந்த உரிமை நடந்தோ சைக்கிளிலோ வந்து கூடாரம் போடுகிறவருக்கானது. காரையோ வேனையோ காட்டுக்குள் ஓட்டிப்போய் நிறுத்த இது அனுமதிக்காது.

*ஸ்காட்லாந்து.* 2003 ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் இங்கே இதே சுதந்திரத்தைத் தருகிறது. லாக் லோமண்ட் பூங்காவின் சில பகுதிகளில் மட்டும் மார்ச் முதல் செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு வேண்டும். மலைகளில் 'போத்தி' எனப்படும் பூட்டில்லாத கல்வீடுகள் இருக்கின்றன. 1965 இல் தொடங்கிய ஒரு தொண்டு அமைப்பு இவற்றில் சுமார் நூறு வீடுகளைப் பராமரிக்கிறது. கட்டணம் கிடையாது, மின்சாரமும் குழாயும் கிடையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலக்காரர் அனுமதி தேவை. தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் பகுதி மட்டும் விலக்கு, அங்கே கூடாரம் போடும் உரிமையை 2025 இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

*நடு ஐரோப்பா.* பிரான்ஸ்தான் இதில் எனக்குப் பிடித்த நாடு. சின்ன ஊர்களில் நகராட்சியே நடத்தும் முகாம்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஆற்றங்கரையில், பேக்கரிக்கு நடந்து போகும் தூரத்தில் அமைந்திருக்கும். வரவேற்பறை பூட்டியிருந்தாலும் தயங்காமல் கூடாரத்தைப் போடலாம். மாலையிலோ காலையிலோ ஓர் ஊழியர் வந்து பணம் வாங்கிக்கொள்வார். ஒரு ஆள், ஒரு சின்னக் கூடாரம் என்றால் பெரும்பாலும் 8 முதல் 15 யூரோ. மலை ஏறுகிறவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. மெர்கந்தூர், எக்ரான் போன்ற தேசியப் பூங்காக்களில் சாலையிலிருந்து ஒரு மணி நேர நடைக்கு அப்பால், மாலை 7 மணி முதல் காலை 9 மணி வரை கூடாரம் போட அனுமதிக்கிறார்கள்.

ஜெர்மனியில் காட்டில் கூடாரம் போடக் கூடாது. பதிலாக பிஃபால்ஸ், கருங்காடு, ஐஃபெல் பகுதிகளில் நடைப்பயணிகளுக்கென்றே காட்டுக்குள் சின்ன இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள், இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். சுவிட்சர்லாந்தில் மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு மேலே, பாதுகாக்கப்பட்ட பகுதி இல்லாத இடத்தில் ஓர் இரவு தங்குவதைப் பொதுவாக யாரும் தடுப்பதில்லை. பெல்ஜியத்தில் 2020 இல் தொடங்கிய 'வெல்கம் டு மை கார்டன்' என்ற வலைத்தளம் வழியாக, நடந்தோ சைக்கிளிலோ வருபவர்களுக்குத் தங்கள் வீட்டுத் தோட்டத்தில் இடம் கொடுக்கிறார்கள். இப்போது பக்கத்து நாடுகளிலும் பரவியிருக்கிறது.

*தெற்கு.* கிரீஸ், குரோஷியா, போர்ச்சுகல், இத்தாலி, ஸ்பெயின் கடற்கரைகளில் ஒளிந்து கூடாரம் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். அபராதம் ஒரு வார முகாம் கட்டணத்தை விழுங்கிவிடும். அதைவிட முக்கியம் காட்டுத்தீ. கோடையில் அந்த நிலம் காய்ந்து கிடக்கும், அடுப்புப் பொறி ஒன்று போதும். ஆபத்து அதிகமான நாட்களில் தெற்குப் பிரான்சில் காட்டுக்குள் நடக்கவே தடை போடுகிறார்கள். கடலிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளிப்போனால் முகாம் கட்டணம் நன்றாகவே குறையும், பேருந்தில் கடலுக்குப் போய்வரலாம்.

நான்காம் படி: முகாம் ரசீதைப் படிப்பது

முகாம் கட்டணம் ஒரே தொகையாக வராது. ஆளுக்கு இவ்வளவு, கூடாரத்துக்கு இவ்வளவு, காருக்கு, மின்சாரத்துக்கு, ஊருக்கான சுற்றுலா வரி என்று தனித்தனியாகப் போடுவார்கள். நடந்தோ சைக்கிளிலோ வந்திருக்கிறேன், மின்சாரம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல இடங்களில் இப்படி வருபவர்களுக்குத் தனிக் குறைந்த கட்டணம் இருக்கும், கேட்டால்தான் கொடுப்பார்கள். வெந்நீர்க் குளியல் கட்டணத்தில் சேர்ந்ததா, டோக்கன் போட வேண்டுமா என்றும் கேளுங்கள். டோக்கன் என்றால் தண்ணீர் சில நிமிடங்கள்தான் வரும், சோப்பு போட்டு நிற்கும்போது நின்றுவிடும்.

நார்வே, ஸ்வீடன் முகாம்களில் மின்அடுப்போடு பொதுச் சமையலறை பெரும்பாலும் இருக்கும். பிரான்சிலும் இத்தாலியிலும் அதை எதிர்பார்க்காதீர்கள். பெரிய நகரங்களுக்குள்ளும் முகாம்கள் உண்டு. பாரிஸின் புலோன் காட்டில் ஒன்று, ஆம்ஸ்டர்டாமின் ஜீபர்க் தீவில் ஒன்று, பிராகில் ட்ரோயா பகுதியில் வீட்டுத் தோட்டங்களையே முகாமாக்கிய சில இடங்கள். வெனிஸுக்கு எதிர்க்கரையில் ஃபுசினா முகாமில் தங்கிப் படகில் நகருக்குப் போகலாம்.

ஐந்தாம் படி: சந்தை பார்ப்பது

லிட்லும் ஆல்டியும் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கைகொடுக்கும் மலிவுக் கடைகள். இவற்றோடு போலந்தில் பியெட்ரோன்கா, ஸ்பெயினில் மெர்கடோனா, நார்வேயில் கிவி, ரேமா 1000. எந்தக் கடையிலும் கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டை விட்டுவிட்டுக் கீழ்த்தட்டைப் பாருங்கள். கடையின் சொந்தப் பெயரில் வரும் மலிவுப் பொருட்கள் அங்கேதான் இருக்கும். ஓட்ஸ், பாஸ்தா, அரிசி, டப்பாக் கொண்டைக்கடலை, மைசூர் பருப்பு, முட்டை, தயிர், வெண்ணெய், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வாழைப்பழம். இவ்வளவு வாங்கினால் வயிறு நிறையும். ஜெர்மன் மலிவுக் கடையில் அரைக் கிலோ ஓட்ஸும் அரைக் கிலோ பாஸ்தாவும் தலா ஒரு யூரோவைத் தாண்டுவது அரிது. அங்கே ஒருவர் ஒரு நாளைக்கு 8 யூரோவில் நன்றாகவே சாப்பிடலாம்.

ஞாயிற்றுக்கிழமையை மறக்காதீர்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் உள்ளவை மட்டும் விலக்கு. போலந்திலும் பெரும்பாலான ஞாயிறுகளில் மூடல்தான். நார்வேயில் சின்னக் கடைகள்தான் திறக்கும். சனிக்கிழமை மாலைக்குள் திங்கள் காலை வரைக்கும் வாங்கிவிடுங்கள். அதே சனி மாலையில்தான் ரொட்டியும் காய்கறியும் விலை குறைத்து ஒட்டிய சீட்டோடு கிடைக்கும்.

இத்தாலியில் காய்கறியை நீங்களே பிளாஸ்டிக் கையுறை போட்டு எடுத்து, எடை போட்டு, சீட்டு ஒட்டிக் கொண்டுபோக வேண்டியிருக்கும். ஒட்டாமல் போனால் வரிசை முழுக்கக் காத்திருக்கும். 'டூ குட் டு கோ' என்ற செயலி கோபன்ஹேகனில் தொடங்கியது. கடை மூடும் நேரத்தில் மிஞ்சிய உணவைப் பையில் போட்டு மிகக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். உள்ளே என்ன இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. சைவர்கள் பேக்கரியையோ காய்கறிக் கடையையோ தேர்ந்தெடுத்தால் பிரச்சினை இல்லை.

வடக்கு நாடுகளில் கடை விலை அதிகம் என்பதால், அங்கே ஏறுவதற்கு முன் போலந்திலோ ஜெர்மனியிலோ பத்து நாள் சரக்கை வாங்கிவிட வேண்டும். அரிசி, பருப்பு, ஓட்ஸ், கடலை, பாலாடைக்கட்டி. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளிலிருந்து வரும்போது இறைச்சியும் பாலாடைக்கட்டியும் சேர்த்து ஆளுக்கு 10 கிலோ வரை நார்வேக்குள் கொண்டுபோகலாம். உருளைக்கிழங்கு மட்டும் கூடாது, அதை எல்லைக்கு முன்பே சமைத்துத் தீர்த்துவிடுங்கள்.

நார்வேயில் இன்னொரு சாப்பாட்டு வழியும் இருக்கிறது. கடலில் தூண்டில் போட யாருக்கும் உரிமச் சீட்டு தேவையில்லை. கரையோரப் பாறையில் நின்று சொந்தச் சாப்பாட்டுக்கு மீன் பிடிக்கலாம், கோடையில் கானாங்கெளுத்தி நன்றாகவே கிடைக்கும். குறைந்தபட்ச நீளத்துக்குக் கீழே உள்ளதைத் திரும்ப விட்டுவிட வேண்டும். ஆறு, ஏரி, சால்மன் எல்லாம் வேறு கணக்கு, அவற்றுக்குச் சீட்டு வேண்டும். ஆகஸ்டில் ஸ்வீடன், பின்லாந்து, நார்வேக் காடுகளில் தரையெல்லாம் நீலப் பெர்ரி. பறித்துக் காலை ஓட்ஸில் போட்டுக்கொள்ளலாம். காளான் மட்டும் நன்றாகத் தெரிந்தவர் கூட இல்லாமல் தொடாதீர்கள்.

ஆறாம் படி: ஒரே சட்டியில் சமையல்

மாலையில் முகாமுக்கு வந்ததும் முதல் வேலை கூடாரம் அல்ல, பருப்பை ஊறவைப்பது. இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் மைசூர் பருப்பு. இரண்டையும் களைந்து சட்டியில் போட்டு நாலு டம்ளர் தண்ணீர் விட்டு மூடிவிடுங்கள். கூடாரம் கட்டி, பாய் விரித்து, குளித்துவிட்டு வருவதற்குள் பருப்பு விரலில் நசுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். அடுப்பை ஒரு கல் மேலோ மண் தரையிலோ காற்று படாமல் வைத்து, மஞ்சள்தூள், பெருங்காயம், நறுக்கிய வெங்காயம், ஒரு தக்காளி போட்டுக் கொதிக்க விடுங்கள். தளதளவென்று கொதி வந்து ஐந்தாறு நிமிடம் ஆனதும் தீயை அணைத்துவிடலாம். சட்டியை மூடியோடு துண்டில் சுற்றி, அதற்கு மேல் ஸ்வெட்டரைச் சுற்றி இருபது நிமிடம் அப்படியே வையுங்கள். மிச்ச வேக்காட்டைச் சட்டியின் சூடே பார்த்துக்கொள்ளும். திறந்தால் அரிசியும் பருப்பும் குழைந்து ஒன்றாகியிருக்கும். உப்பு, மிளகு சீரகப்பொடி, அங்கே வாங்கிய வெண்ணெயில் ஒரு கரண்டி போட்டுக் கிளறினால் குளிரில் இதற்கு ஈடு கிடையாது. இப்படிச் சமைத்தால் 230 கிராம் குப்பி ஒன்று இரண்டு பேருக்கு ஒரு வாரத்துக்கு மேல் வரும்.

அவல், ஓட்ஸ், கொதிநீர் ஊற்றினாலே வேகும் கூஸ்கூஸ் எல்லாம் மழை நாளுக்கு. பாக்கெட் தயிரில் கொழுப்பு 3.5 சதவீதம் என்று போட்டிருப்பதை வாங்கினால் தயிர்சாதம் நம் வீட்டுப் பதத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். எவ்வளவு மழை கொட்டினாலும் கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். துணி பற்றிக்கொள்ளும் ஆபத்து ஒருபுறம். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு இன்னொருபுறம், அது ஆளையே கொன்றுவிடும்.

பொடி தீர்ந்துபோனால் பாரிஸில் வடக்கு ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் லா ஷப்பேல் பகுதி இருக்கிறது. ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. இடியப்ப மா, புட்டு மா, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். ஜெர்மனியின் ஹாம் நகரில் 2002 இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. முன்கோடைத் தேர்த்திருவிழாவின்போது அந்தப் பக்கம் இருந்தால் போய்வாருங்கள்.

ஏழாம் படி: வெளியே சாப்பிட்டால் மதியத்தில்

தினமும் சமைத்தால் அலுத்துவிடும், ஊரின் ருசியும் தெரியாமல் போய்விடும். வெளியே சாப்பிடுவதை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் மதியத்துக்கு மட்டும் நிர்ணய விலைச் சாப்பாடு உண்டு. இரண்டு உணவு, ரொட்டி, குடிக்க ஏதாவது, கடைசியில் இனிப்பு எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் 12 முதல் 15 யூரோ. இரவில் அதே கடையில் தனித்தனியாக வாங்கினால் இரட்டிப்பாகும். கிரனாடா நகரில் ஒரு பானம் வாங்கினால் கூடவே ஒரு சிறு தட்டு உணவு இலவசமாக வரும். ஸ்வீடனில்கூட வார நாள் மதியச் சாப்பாட்டில் சாலடும் ரொட்டியும் காபியும் சேர்ந்தே வரும், அந்த ஊர் விலைக்கு அது நியாயம். போலந்தின் 'பால் உணவகங்கள்' பலவும் அரசு மானியத்தில் நடப்பவை. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடைத்த பியெரோகிக் கொழுக்கட்டையும் பீட்ரூட் சூப்பும் மலிவாகக் கிடைக்கும். சைவர்கள் சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பாக்கெட் உணவில் மஞ்சள் வட்டத்தில் பச்சை 'வி' எழுத்து இருந்தால் சைவம்.

தண்ணீர் வாங்காதீர்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். ரோமில் தெருவுக்குத் தெரு ஓடும் குழாய்கள் இரண்டாயிரத்துக்கும் மேல், சூரிக்கில் ஆயிரத்துக்கும் மேல் நீரூற்றுகள். வியன்னாவுக்கு ஆல்ப்ஸ் ஊற்றுநீர் 1873 முதல் குழாய் வழியாக வருகிறது. குழாய்ப் பக்கத்தில் டம்ளர் படத்தின் குறுக்கே கோடு போட்டிருந்தால் மட்டும் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். பிரான்சில் உணவகத்தில் சாப்பிடும்போது குழாய்த் தண்ணீர் ஜாடி கேட்டால் காசில்லாமல் கொடுக்க வேண்டும் என்பது விதி.

ஊர்விட்டு ஊர்

ஜெர்மனிக்குள் உள்ளூர், வட்டார ரயில்களும் பேருந்துகளும் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதச் சீட்டு 2026 முதல் 63 யூரோ. விரைவு ரயில்களில் செல்லாது. இது சந்தாவாகத்தான் கிடைக்கும், அந்த மாதம் 10 ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் எடுத்துவிடுவார்கள். லக்சம்பர்க்கில் 2020 முதல் ரயில் (இரண்டாம் வகுப்பு), டிராம், பேருந்து எல்லாமே இலவசம். நீண்ட தூரத்துக்கு இரவுப் பேருந்தில் போனால் ஓர் இரவின் முகாம் கட்டணம் மிச்சம், ஆனால் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், உடம்பு தாங்காது. இத்தாலியிலிருந்து கிரீஸுக்குப் போகும் இரவுக் கப்பல்களில் மேல்தளச் சீட்டு எடுத்து ஸ்லீப்பிங் பேக்கை விரித்துப் படுக்கலாம்.

உடம்பும் பத்திரமும்

காட்டில் தங்கிய ஒவ்வொரு நாளும் மாலையில் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு எல்லாம் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். உண்ணியால் லைம் நோய் வரும். ஆஸ்திரியா, செக், பால்டிக் நாடுகள், தெற்கு ஜெர்மனி பக்கம் மூளைக்காய்ச்சலும் வரும், அதற்குத் தடுப்பூசி உண்டு. நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், எண்ணெயோ தீயோ வேண்டாம். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரிடம் போங்கள். ருமேனியா, ஸ்லோவாக்கியா மலைகளில் கரடி உண்டு, உணவைக் கூடாரத்துக்குள் வைத்துத் தூங்காதீர்கள். அவசரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கவும் நார்வே, சுவிட்சர்லாந்து, பிரிட்டனிலும் 112.

கிளம்பும் முன்

காலி பாட்டில்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஜெர்மனியில் ஒருதடவைப் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் முன்பணம் விலையோடு சேர்த்தே வாங்கியிருப்பார்கள். சூப்பர் மார்க்கெட் வாசல் இயந்திரத்தில் போட்டுச் சீட்டு வாங்கினால் அந்தத் தொகை பில்லில் கழியும். நார்வே, ஸ்வீடன், பின்லாந்திலும் இதே முறைதான். மிச்சமிருக்கும் கேஸ் குப்பியை விமானத்தில் கொண்டுவர முடியாது. பல முகாம்களில் பயணிகள் மிஞ்சியதை வைத்துவிட்டுப் போகும் அலமாரி இருக்கும், அதில் வைத்துவிடுங்கள். வந்து இறங்கிய முதல் நாளும் அந்த அலமாரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாதிக் குப்பி, உப்பு, எண்ணெய், பாஸ்தா எதுவாவது இருக்கும், அன்றைய இரவுச் சமையலுக்குக் கடை தேட வேண்டியிருக்காது.